ஆள் வெளியேறிய வாடகை வீட்டைக் காலி செய்வது: மலையக வீட்டுக்காரர்களுக்கு

சாவி கைக்கு வந்த அன்றே லொறியைக் கூப்பிடுவதுதான் வீட்டுக்காரர்கள் விடும் முதல் பிழை. வழக்குப் பேசி ஆளை வெளியேற்றிய வீடாக இருந்தாலும் சரி, வங்கி ஏலத்தில் வாங்கிய வீடாக இருந்தாலும் சரி, உள்ளே கிடப்பதெல்லாம் பார்வைக்குக் குப்பை மாதிரித்தான் இருக்கும். நனைந்த தும்பு மெத்தை, கால் உடைந்த கதிரை, புகை பிடித்த சட்டி, உரப்பைகளில் அடைத்த துணி. ஆனால் அந்தக் குவியலுக்குள் மூன்று வகைச் சாமான் கலந்து கிடக்கிறது: இன்னொருவருக்குச் சொந்தமானது, வீட்டை நாசமாக்கிக்கொண்டிருப்பது, உண்மையிலேயே வீசவேண்டியது. இந்த வரிசையிலேயே கையை வைத்தால் இரண்டு அறையும் குசினியும் உள்ள வீட்டை நாலு பேர் மூன்று நாளில் முடிக்கலாம். வரிசை மாறினால் மூன்று நாள் வேலை மூன்று மாத வழக்காக இழுபடும்.

வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்

நீதிமன்றக் கட்டளைப்படி பிஸ்கல் உத்தியோகத்தர் (கட்டளையை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வந்து வீட்டை ஒப்படைத்திருந்தால் உங்கள் நிலை தெளிவு. வங்கி, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏலம் விட்ட வீடு என்றால் விற்பனைச் சான்றிதழ் மட்டும் போதாது. உள்ளே ஆள் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தின் ஒப்படைப்புக் கட்டளையோடுதான் உள்ளே போகவேண்டும். ‘வாடகைக்காரர் மூன்று மாதமாக ஆளையே காணோம், பூட்டை உடைத்துவிடுவோம்’ என்பது வேறு கதை. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விஷயம் பொலிஸ் வழியாக நீதிமன்றத்துக்குப் போனால், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதவான் திரும்ப உள்ளே விடலாம். நீங்கள் மெத்தையை வீசிவிட்ட வீட்டுக்குள் அவர் திரும்பி வந்து நிற்பார். சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பூட்டைத் தொடவேண்டாம்.

வாடகை பாக்கிக்காகச் சாமானைப் பிடித்து வைப்பதும் விற்றுக் கழிப்பதும் இதே வகைதான். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் டீவியை விற்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டால், அந்த டீவி உங்களை எதிராளியாக்கிவிடும். சாமானை எடுத்துப்போகும்படி பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். எடுக்கவேண்டிய கடைசி நாளையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். நடைமுறையில் 14 நாளுக்குக் குறைத்தால் ‘நேரம் தரவில்லை’ என்ற பேச்சு வரும். கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு ஒன்று, வேலை செய்யும் இடம் தெரிந்தால் அங்கே ஒன்று. தபால் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். லயக் காம்பராவை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையை) யாரோ உங்களுக்கு ‘விற்று’, நீங்கள் அதை வாடகைக்கு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. காம்பரா தோட்டத்துக்குரியது, பேசவேண்டிய இடம் தோட்ட நிர்வாகம்.

கூலியைப் பேசும் விதம்

சாமானைப் பிரிக்கும் வேலைக்கு நாள் கூலி. ஏற்றிப் பறிக்கும் வேலைக்கு கொந்தராத்து, அதாவது முழு வேலைக்கும் மொத்தமாகப் பேசும் கூலி. இதை மாற்றிப் பேசியதால்தான் பாதி வீடுகளில் காணாமற்போன சாமான் சண்டை வருகிறது. கொந்தராத்துக்காரருக்கு வேகமாக முடிப்பதில்தான் லாபம், அவர் அலுமாரியைத் திறந்து பார்க்காமல் அப்படியே சரித்துவிடுவார். பழைய இரும்பு, பித்தளை, போத்தல், கடதாசி யாருக்கு என்பதையும் வேலை தொடங்குமுன் பேசி முடியுங்கள். ‘இரும்பு எங்களுக்கு’ என்று விட்டுவிட்டால் தண்ணிக் குழாயும் சேர்ந்து போகும்.

தேவையான சாமான்: 50 கிலோ உரப்பை நாற்பது, ஆளுக்கு இரண்டு சோடி ரப்பர் கையுறை, என்95 மாஸ்க் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று (துணி மாஸ்க் பூஞ்சணத் தூளை நிறுத்தாது), முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அலவாங்கு ஒன்று, சவல் இரண்டு, தும்புத்தடி, கம்பித் தூரிகை, பெயின்ட் சுரண்டும் தகடு, தெளிக்கும் போத்தல், டோர்ச், மூன்று வாளி, பழைய பத்திரிகை ஒரு கட்டு. பத்திரிகையை மறக்கவேண்டாம், அதற்கு வேலை இருக்கிறது. ஏற்ற ‘பட்டா’ என்னும் சின்ன லொறி போதும். அதன் கொள்ளளவு முக்கால் தொன்தான், அதுவும் காய்ந்த சாமானுக்கு. நனைந்த மெத்தையும் துணியும் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பாரம். வளைவும் இறக்கமுமான ரோட்டில் மழை நேரம் என்றால் பாதிப் பாரத்தோடு இரண்டு தடவை போகச் சொல்லுங்கள்.

முதல் அரை மணி: எதையும் தூக்கவேண்டாம்

வெளியே நின்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பின்பக்கத்து மண்மேடு சரிந்து சுவரில் சாய்ந்திருக்கிறதா, தரையிலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு ஓடியிருக்கிறதா, மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணி புதிதாகக் கசிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு, கிராம சேவகர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மழை நாளில் அந்த வீட்டுக்குள் நாலு பேரை வைத்து அலுமாரி தூக்கவேண்டாம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் போகவே வேண்டாம்.

பிறகு கூரை விளிம்பு. ஆள் இல்லாத வீட்டின் இறவாணத்திலும் இஸ்தோப்புப் பலகையிலும் குளவி கூடு கட்டும். தேயிலை மலையில் குளவி கொட்டி ஆள் போன செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ‘சின்னக் கூடுதான், பந்தத்தைக் காட்டினால் போய்விடும்’ என்று யாராவது சொல்வார். விடாதீர்கள். கூட்டை அகற்றத் தெரிந்தவரை இருட்டிய பிறகு வரவழையுங்கள். அதுவரை அந்தப் பக்கத்துக் கதவை அடித்துச் சாத்தவேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் சுவிட்சைத் தட்டாமல் முதலில் மூக்கை நம்புங்கள். கேஸ் வாடை வந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள், ஃபோனையும் வெளியே வைத்தே பாவியுங்கள். வாடை இல்லையென்றால் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். கொப்புளம் வந்தால் கசிவு. சிலிண்டரை வெளியே காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு விற்பனை முகவரைக் கூப்பிடுங்கள். வெற்றுச் சிலிண்டர் இரும்புக் கடைக்குரியதல்ல. அதற்குத் தனிப் பெறுமதி உண்டு, அதுவும் வாடகைக்காரருடையதாக இருக்கலாம்.

மின்மீட்டரை நெருங்கும்போது கையில் ஃபோன் இருக்கட்டும். முத்திரைக் கம்பி அறுந்திருந்தாலோ மீட்டருக்கு முன்னால் வேறு வயர் போயிருந்தாலோ தொடாமல் படம் எடுத்து, அன்றைக்கே உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். நீங்கள் கையை வைத்துவிட்டால் திருட்டுக் கரண்ட் யார் எடுத்தது என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். மீட்டர் சரியாக இருந்தாலும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டே வேலை செய்யுங்கள். ஈரம் குடித்த சுவருக்குள் ஓடும் வயரும் எலி கடித்த வயரும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீடும் சேர்ந்தால் ஈரத்துணியோடு சுவரைத் துடைப்பவருக்குத்தான் ஆபத்து.

அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் ஷீட் மேல் ஏறாதீர்கள். பாசி படிந்த பழைய ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காது. உடைந்து கிடக்கும் துண்டுகளை உலர்ந்தபடி கூட்டினால் நுண்ணிழை காற்றில் ஏறும். தண்ணி தெளித்து நனைத்து, கையால் பொறுக்கி, இரட்டைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டித் தனியே வையுங்கள்.

பட்டியல்

எதையும் நகர்த்துவதற்கு முன்னால், வாசற்படியிலிருந்து இடது சுவரோரமாக ஒரே ஓட்டத்தில் வீடியோ எடுங்கள். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் இடையில் எதையோ ஒளித்ததாகப் பேச்சு வரும். திகதியையும் நேரத்தையும் வாயால் சொல்லுங்கள். மீட்டர் வாசிப்பு, தண்ணி மீட்டர், உடைந்த கண்ணாடி எல்லாம் அதில் வரட்டும். கிராம சேவகர் வந்து நின்றால் நல்லது. முடியாவிட்டால் உங்கள் சொந்தக்காரர் அல்லாத பக்கத்து வீட்டார் இருவர்.

பட்டியல் எழுதும் விதத்தில்தான் பலருக்குச் சறுக்குகிறது. ‘பழைய பெட்டி 1’ என்று எழுதினால் அது எதுவாகவும் இருக்கலாம். ‘நீல நிறத் தகர டிரங்குப் பெட்டி, மூடியில் வலப்பக்கக் கொளுக்கி இல்லை, பூட்டு இல்லை, உள்ளே துணி 6, கடதாசிக் கட்டு 1’ என்று எழுதுங்கள். மூன்று பிரதி: ஒன்று உங்களுக்கு, ஒன்று கிராம சேவகருக்கு அல்லது சட்டத்தரணிக்கு, ஒன்று வாடகைக்காரருக்கு. எல்லாப் பக்கத்திலும் சாட்சிக் கையெழுத்து.

கடதாசிதான் முதலில்

மெத்தைக்கு அடியில், சாமித் தட்டுக்குப் பின்னால், அரிசி வாளிக்குள், அலுமாரித் தட்டில் விரித்த பத்திரிகைக்குக் கீழே, படத்தின் முதுகில். மலையக வீட்டில் கடதாசி இருக்கும் இடங்கள் இவை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பி கார்ட், அடகுச் சீட்டு, பிள்ளையின் கிளினிக் காட், பாடசாலை விடுகைப் பத்திரம், வங்கிப் புத்தகம். அடகுச் சீட்டை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் ஒரு குடும்பத்தின் தாலிக்கொடி இருக்கலாம், தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். இப்படி ஒன்று கிடைத்தால் 14 நாள் காத்திருக்காமல் அன்றைக்கே ஆளைத் தேடிச் செய்தி சொல்லுங்கள்.

இன்னொரு கடதாசி உண்டு, இந்தப் பக்கத்துக்கே உரியது. டிரங்குப் பெட்டியின் அடியில், பால்மாப் பைக்குள் நாலாக மடித்து, மடிப்போரம் துருக்கறை படிந்த ஒரு பத்திரம்: தாத்தா அல்லது பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்கள், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்று ஒவ்வொரு கட்டமாகப் பெற்ற குடியுரிமைக்கு அந்தத் தாள்தான் கையிலுள்ள அத்தாட்சி. பழுப்பேறி எழுத்து மங்கியிருக்கும், வேலைக்கு வந்த பையனுக்கு அது வெறும் பழைய தாள். ஆகவே கடதாசி பிரிக்கும் வேலையை அவரிடம் விடாமல், வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள்.

நனைந்திருந்தால் விரிக்க அவசரப்படவேண்டாம். ஈரத்தாளை மடிப்பில் பிரித்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். மடித்தபடியே இரண்டு பத்திரிகைகளுக்கு நடுவே வைத்து, மேலே இலேசான பாரம் ஏற்றி, நிழலில் விடுங்கள். காலையும் மாலையும் பத்திரிகையை மாற்றுங்கள். அரைவாசி காய்ந்து தாள் வளையத் தொடங்கும்போதுதான் மடிப்பைத் திறக்கவேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது, அயன் பண்ணுவது, லெமினேட் செய்வது மூன்றும் கூடாது. கண்ணாடியோடு ஒட்டிய புகைப்படத்தை உரிக்கவேண்டாம், சட்டத்தோடு அப்படியே வையுங்கள். அடையாள அட்டையை மட்டும், ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பொலிஸில் கொடுத்துப் பதிவு எழுதிக்கொள்ளுங்கள்.

சாமிப் படங்களும் விளக்கும் தனிக்கட்டு. மாரியம்மன் படமோ புத்தர் சிலையோ மாதா சுரூபமோ, குப்பைப் பையில் போட்டீர்களானால் வேலைக்கு வந்தவர்களில் ஒருவராவது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தும் சாமானோடு வையுங்கள். கடைசிவரை ஆள் வரவில்லையென்றால் அந்தந்தக் கோயில், விகாரை, தேவாலயத்தில் கேட்டுச் சேர்ப்பிக்கலாம்.

கசிப்புப் பீப்பாய், கஞ்சா, தோட்டா மாதிரி எதுவும் கிடைத்தால் தொடாமல் பொலிஸைக் கூப்பிடுங்கள். ஒளித்துவைக்க உதவப்போய் உங்கள் கைரேகையைப் பதிக்கவேண்டாம்.

வைக்கவேண்டியதை எங்கே வைப்பது

வீட்டில் ஒழுக்கு இல்லாத ஓர் அறையைத் தேர்ந்து, தரையில் பலகை அல்லது செங்கல் மேல் சாமானை அடுக்குங்கள். சிமெந்துத் தரையில் நேரே வைத்தால் பத்து நாளில் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணியைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டவேண்டாம், உரப்பைதான் மூச்சுவிடும். அறையைப் பூட்டி, சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். வாசல் கதவின் பூட்டை இதற்கு முன்னரே மாற்றியிருக்கவேண்டும்.

ஃபிரிட்ஜ் பற்றி ஒரு சொல். கரண்ட் வெட்டிப் பல வாரமான வீட்டில் ஃபிரிட்ஜை உள்ளே வைத்துத் திறந்தால் அன்றைக்கு யாரும் சோறு சாப்பிடமாட்டார்கள். கதவைக் கயிற்றால் கட்டி, நிமிர்ந்தபடி வெளியே கொண்டுபோய்த் திறக்கவும். அழுகியதைக் குழிதோண்டிப் புதையுங்கள், மேலே இரண்டடி மண். மேலாகப் போட்டால் இரவில் காட்டுப்பன்றி கிளறும், நாய் சேரும், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரலாம். சோடா மாவும் சுடுதண்ணியும் கொண்டு கழுவி, கதவுக்கிடையில் கட்டை வைத்துத் திறந்தபடியே விடுங்கள். படுக்கவைத்து ஏற்றியிருந்தால் நிமிர்த்தி ஒரு நாளாவது விட்டபின்பே கரண்ட் கொடுக்கவேண்டும்.

எலி, தெள்ளு, குசினி

எலிப் புழுக்கையை உலர்ந்தபடி கூட்டாதீர்கள். இலங்கையில் எலிக்காய்ச்சல் சாதாரணமாகப் பரவும் நோய். எலியின் சிறுநீர் கலந்த ஈரம் கைப்புண்ணில் பட்டாலே போதும். நூறு மில்லி ப்ளீச், தொள்ளாயிரம் மில்லி தண்ணி. இந்தக் கலவையைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பத்திரிகையால் அள்ளிப் பையில் கட்டுங்கள். கையுறை, பூட்ஸ் கட்டாயம். வேலை முடிந்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், ‘எலி இருந்த வீட்டைத் துப்புரவு செய்தேன்’ என்று வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

நாய் வளர்த்த வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்து, ஆள் காலடி பட்டதும் தெள்ளுப்பூச்சி பொங்கி வருவதைப் பார்க்கலாம். கூட்டுக்குள் காத்திருக்கும் பூச்சி அதிர்வு பட்டுத்தான் வெளிவருகிறது. நாய் படுத்த சாக்கையும் தரைவிரிப்பையும் முதல் நாளே வெளியேற்றி, பலகைத் தரையின் இடுக்குகளைக் கொதிதண்ணியால் தேயுங்கள். மூட்டைப்பூச்சி உள்ள மரக்கட்டிலை மற்ற அறைகள் வழியாக இழுத்துப் போகாமல் அந்த அறையிலேயே கழற்றுங்கள்.

நுவரெலியா பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர் இருந்த வீடென்றால் படிக்கட்டுக்கு அடியில் பூச்சிமருந்து போத்தல் இருக்கும். லேபல் போன போத்தலைத் திறந்து மணந்து பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். கானில் ஊற்றினால் அது நானுஓயாவுக்கும் கொத்மலை ஓயாவுக்கும் போய், கீழே யாரோ குடிக்கும் தண்ணியில் சேரும். போத்தலோடேயே பையில் இறுக்கிக் கட்டிப் பெயரெழுதி, கமநல சேவை நிலையத்தில் கேட்டு முடிவெடுங்கள்.

கக்கூஸ் அடைத்திருந்தால் ஹார்பிக் மாதிரி அமிலமும் ப்ளீச்சும் ஒன்றாக ஊற்றுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் காரியம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. சின்ன அறையில் அது ஆளை மயக்கும், நுரையீரலைச் சுடும். ஒன்றைப் பாவித்தால் நன்றாகத் தண்ணி ஊற்றிக் கழுவி, மற்றதை அடுத்த நாள் பாவியுங்கள். குழி நிறைந்திருந்தால் கலி பவுசரை (குழியை உறிஞ்சும் லொறியை) கூப்பிடவேண்டும். மூடி திறந்த குழிக்குள் யாரையும் இறக்கவேண்டாம், தவறி விழுந்த வாளியை எடுக்கக்கூட வேண்டாம். மூடி வெடித்திருந்தால் அன்றைக்கே பலகை போட்டு மறையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலி வீட்டு முற்றத்தில்தான் விளையாடுவார்கள்.

டயர், சிரட்டை, தயிர்ச் சட்டி, அடைத்த பீலி என்று தண்ணி தேங்கும் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் பொறுப்பு வீட்டுக்காரருக்கும் உண்டு. கண்டி, கம்பளைப் பக்கம் காலி வீட்டை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எட்டிப் பார்க்கமாட்டார் என்று நினைக்கவேண்டாம்.

பூஞ்சணமும் ஈரமும்

இதில்தான் மலைநாட்டு வீடு தாழ்நாட்டு வீட்டிலிருந்து வேறுபடுகிறது. கொழும்பில் ஜன்னலைத் திறந்தால் காயும். நுவரெலியாவின் குளிரில், மூடுபனி நேரத்தில் திறந்தால் ஈரம் உள்ளே வரும். காலை ஒன்பது, பத்துக்குப் பனி கலைந்த பிறகு திறந்து, பின்னேரம் மூன்றுக்கு முன் சாத்துங்கள். ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை காயும் காலம். ஊவாப் பக்கம், பதுளை பண்டாரவளையில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தவணை உங்கள் கையில் இருந்தால் பெயின்ட் வேலையை அதற்குள் வையுங்கள்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சணமல்ல. ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது சுவருப்பு, தூரிகையால் உலர்ந்தபடி தேய்த்தால் போதும். கரையாமல் கருமையாகவோ பச்சையாகவோ நின்றால் பூஞ்சணம். அதை முதலில் நனைத்து, தகட்டால் சுரண்டி, சலவைத்தூள் தண்ணியால் கழுவுங்கள். பிறகு 4 லீற்றர் தண்ணிக்கு 250 மில்லி ப்ளீச் கலந்து பூசி, பத்து நிமிடத்துக்குப் பின் துடையுங்கள். ப்ளீச் சாந்துக்குள் ஆழமாக இறங்காது, மேலுள்ளதை வெளுக்க வைக்கும். அதனால்தான் சுரண்டாமல் பூசிய இடத்தில் ஒரு மாதத்தில் கறுப்பு திரும்புகிறது. டி.சி.எல். பவுடர் (குளோரின் தூள்) ப்ளீச்சைவிடப் பல மடங்கு கடுமை. இந்த அளவை அதற்குப் பாவிக்கவேண்டாம். ஊதிப்போன பிளைவுட் சீலிங்கையும் நனைந்த மெத்தையையும் காப்பாற்ற முயலாதீர்கள். அவை வாடகைக்காரருடையதென்றால் படம் எடுத்து, ‘பூஞ்சணத்தால் அகற்றப்பட்டது’ என்று பட்டியலில் எழுதியபின் அகற்றுங்கள்.

பெயின்ட் அடிக்கலாமா என்பதற்கு ஒரு சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: பின்பக்கக் கான் அடைப்பு, மண்மேடு, கூரை ஒழுக்கு இதில் ஒன்று. அறையைப் பார்த்த பக்கத்தில் துளி இருந்தால் சுவரில் குற்றமில்லை, காற்றில்தான் ஈரம். முதலாவது வகையில் எந்த விலைக்கு வாங்கிய பெயின்டும் ஆறு மாதம் தாங்காது. பின்பக்கக் கானைத் தோண்டி அரை அடி ஆழமாவது தண்ணி ஓடவிடுங்கள். வீட்டைக் காலி செய்த குப்பையை அதே கானுக்குள் தள்ளிவிட்டுப் போன கூலிக்காரர்களால் சுவர் நனைந்த வீடுகள் ஏராளம்.

அறையைச் சீக்கிரம் காயவைக்க, கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே படுக்க யாரும் நினைக்கவேண்டாம். கரியிலிருந்து வருவது வாடையில்லாத நச்சு வாயு, தூங்கினவர் எழும்பமாட்டார்.

லொறி

குப்பையை அள்ளும் நாளுக்கு முன்பே நகர சபையில் அல்லது பிரதேச சபையில் எது எடுப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். பிரிக்காத பையைத் தொடமாட்டார்கள். உக்கும் கழிவு, பிளாஸ்டிக், கண்ணாடி, இரும்பு, துணி என்று ஐந்தாகப் பிரியுங்கள். பெட்டி டீவியை உடைக்காமல் கொடுக்கவேண்டும், அதன் கண்ணாடியில் ஈயம் உண்டு. பழைய கார் பெட்டரியைப் பெட்டரிக் கடை எடுக்கும். இரவோடிரவாகத் தேயிலைச் சரிவிலோ ஓயாக் கரையிலோ தட்டிவிட்டு வருகிறேன் என்னும் சாரதியிடம், குவியலுக்குள் உங்கள் பெயரிட்ட லைட் பில் கிடப்பதை நினைவூட்டுங்கள்.

கடைசியாக மேலிருந்து கீழாக: சீலிங் ஒட்டடை, சுவர், ஜன்னல், பிறகுதான் தரை. சிவப்புச் சிமெந்துத் தரையில் ப்ளீச் ஊற்றினால் நிறம் போகும், சவர்க்காரத் தண்ணி மட்டும் போதும். விறகடுப்பின் புகைபோக்கியில் பறவைக்கூடு இருக்கலாம். ஒரு தாள் கடதாசியைக் கொளுத்திப் பார்த்து, புகை திரும்பினால் மேலிருந்து குத்தி எடுங்கள்.

கடிதத்தில் எழுதிய நாள் முடியும்வரை பூட்டிய அறையைத் திறக்கவேண்டாம். பெரும்பாலும் கடைசி நாள் பின்னேரம்தான் வருவார்கள், ஒரு திரீவீலில், நாலு பேராக. அலுமாரி அதில் ஏறாது. அவர்கள் இன்னொரு நாள் கேட்டால் கொடுத்து, பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடதாசிக் கட்டையும் டிரங்குப் பெட்டியையும் மட்டும் அன்றைக்கே, மழை பெய்தால் பொலித்தீனில் சுற்றி, ஏற்றிவிடுங்கள்.